இது எந்தக் கணிப்பொறியின் கோப்பு?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கட்டாயம் இருக்கும். அதற்குள் இருப்பது ஹார்லிக்ஸ்தானா? எங்களில் ஒருத்தி வீட்டில் அதில் மிளகாய்த்தூள். இன்னொருத்தி வீட்டில் கடுகு. மேலே ஒட்டிய சீட்டை நம்பிச் சூடான பாலில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. திறந்து முகர்ந்து பார்ப்பவளே கெட்டிக்காரி. பழைய கணிப்பொறிகளின் கோப்புகளும் இந்தப் பாட்டில்களைப் போன்றவைதாம். இதை இந்த ஆண்டு நாங்கள் நால்வர் ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து கற்றுக்கொண்டோம்.

கடந்த ஜூலை மாதம் எங்கள் கணிப்பொறிக் கூடத்தின் பின்னறைக்கு வெள்ளையடித்தார்கள். அப்போது பரண்மேலிருந்து இறங்கியது அந்த டின். உள்ளே ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பித் தட்டுகள் 11, மூன்றரை அங்குலத் தட்டுகள் 6. பெரிய தட்டுகளின் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளில் மை மங்கிப்போயிருந்தது. "இவற்றைப் படிக்கும் கருவியே இப்போது நம்மிடம் இல்லை. குப்பையோடு போகட்டும்" என்றார் தலைமையாசிரியை சிஸ்டர். எங்கள் கம்ப்யூட்டர் மிஸ் மட்டும், "உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எறிய மனம் வரவில்லை, சிஸ்டர்" என்று மெதுவாகச் சொன்னார். காலாண்டு விடுமுறை முடியும்வரை தவணை கிடைத்தது. அதற்குள் ஒவ்வொரு கோப்பும் இன்னதென்று எழுதிக் கொடுக்க வேண்டும்; எழுத முடியாதது குப்பைக்கு. அந்த வேலை எங்கள் தலையில் விழுந்தது.

சிறிய தட்டுகளைப் படிப்பது எளிது. புதிய கணிப்பொறியில் செருகக்கூடிய ஃப்ளாப்பி டிரைவ் ஒன்றை மிஸ் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார். பெரிய தட்டுகள் அதற்குள் நுழையவே நுழையா. அவற்றுக்கு எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் உதவினார். அவர் பெங்களூரில் பணிபுரிவதால் நாங்கள் அவரைப் பெங்களூர் அக்கா என்றே அழைக்கிறோம். அவரிடம் பழைய டிரைவ் ஒன்றும், அதைப் புதிய கணிப்பொறியோடு இணைக்கும் 'கிரீஸ்வீசல்' என்ற சிறு பலகையும் இருந்தன. தட்டிலுள்ள காந்தத் துடிப்புகளை அந்தப் பலகை உள்ளது உள்ளபடியே பதிந்துகொள்ளும். பூஞ்சணம் பிடித்துப் படிக்க இயலாமற்போன 4 தட்டுகள் தவிர, மற்ற 7 தட்டுகளின் முழு நகலையும் அக்கா ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பினார். கூடவே மூன்று கட்டளைகள்: பெயரை நம்பாதீர்கள், இன்னதென்று தெரியாத எதையும் இயக்காதீர்கள், நகலுக்கு இன்னொரு நகல் எடுத்து அதில் மட்டும் கை வையுங்கள். மூன்றாவது கட்டளையை நாங்கள் ஒரு நாள் மீறினோம். அந்த வெட்கக்கேட்டைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் பெயரைப் பற்றிப் பார்ப்போம். கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளியும், அதன்பின் இரண்டு மூன்று எழுத்துகளும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை வால் என்று வைத்துக்கொள்வோம். பெயருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து என்னும் வழக்கம், 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய சி.பி.எம். என்ற இயக்க முறைமையில் இருந்தது. 1981இல் வந்த மைக்ரோசாஃப்டின் டாஸ் அதையே பின்பற்றியது. (கணிப்பொறியை ஆட்டிவைக்கும் அடிப்படை மென்பொருளே இயக்க முறைமை.) ஆனால் வாலைப் பார்த்து ஆளைச் சொல்லிவிட முடியாது. எங்கள் சிறிய தட்டு ஒன்றில் 'ஃபீஸ்' என்று ஒரு கோப்பு. அதன் வால் பி.ஆர்.ஜி. தேடிப் பார்த்தால் தலை சுற்றியது! கொமடோர் 64 என்ற கணிப்பொறியில் பி.ஆர்.ஜி. என்றால், முதல் இரண்டு பைட்டுகளில் நினைவக முகவரியைச் சுமந்து வரும் ஒரு புரோகிராம். அட்டாரி எஸ்.டி.யில் பி.ஆர்.ஜி. என்றால் முற்றிலும் வேறு அமைப்புடைய புரோகிராம். டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் பி.ஆர்.ஜி. என்பதோ, மனிதர் படிக்கக்கூடிய எழுத்தால் ஆன கட்டளைப் பட்டியல்.

இதில் எது? திறந்து பார்த்தோம். 'யூஸ் ஃபீஸ்', 'டூ வைல்' என்று ஆங்கிலச் சொற்களாகவே வரிவரியாக ஓடின. டிபேஸ்தான்! பக்கத்திலேயே டி.பி.எஃப். வாலோடு இருந்த கோப்பின் முதல் பைட் 3. அது டிபேஸ் அட்டவணையின் அடையாளம். அதில் பெயர்களும் தொகைகளும் இருந்ததால் மிஸ் உடனே மூடச் சொல்லி, அந்தத் தட்டை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். பிறர் கட்டிய ஃபீஸை நாங்கள் படிக்கலாமா?

திறந்து பார்ப்பது என்றால் எப்படி? நோட்பேடில் திறப்பது சரியன்று. அதற்கென்று 'ஹெக்ஸ் எடிட்டர்' என்ற கருவி இருக்கிறது. கோப்பு என்பது கடைசியில் 0 முதல் 255 வரையுள்ள எண்களின் வரிசைதானே? அந்த வரிசையை எடிட்டர் பதினாறடிமானத்தில் அப்படியே காட்டும். எண் எழுத்தைக் குறித்தால் அந்த எழுத்தையும் ஓரத்தில் காட்டும். இக்கட்டுரையில் நமக்குப் பழக்கமான பத்தடிமானத்திலேயே எழுதுகிறோம். வேறு அடிமானம் வரும் இடத்தில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

டாஸ் தட்டுகளில் எங்களை முதலில் வரவேற்றவை 77, 90 என்ற இரண்டு எண்கள். ஆங்கிலத்தில் இவை எம், இசட் என்ற எழுத்துகள். இ.எக்ஸ்.இ. என்ற வால் உள்ள புரோகிராம்கள் எல்லாம் இப்படித்தான் தொடங்கின. இது யாருடைய முத்திரை தெரியுமா? இந்தக் கோப்பு அமைப்பை வகுத்தவர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கி என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர். எம், இசட் அவருடைய பெயரின் தலைப்பெழுத்துகள்! இன்று எங்கள் கூடத்தில் ஓடும் விண்டோஸ் புரோகிராம்களையும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தோம். அவையும் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகின்றன.

அப்படியானால் டாஸ் புரோகிராமையும் விண்டோஸ் புரோகிராமையும் எப்படிப் பிரிப்பது? தொடக்கத்திலிருந்து 60 பைட்டுகளைத் தாண்டினால் 4 பைட்டில் ஓர் எண் இருக்கும். விண்டோஸ் கோப்பானால் அந்த எண் இன்னோர் இடத்தைச் சுட்டும். அந்த இடத்தில் 'என், இ' என்று இருந்தால் அது விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் புரோகிராம். ஓஎஸ்-2 என்ற முறைமையின் முதற்பதிப்புகளுக்கும் இதுவே அடையாளம். 'பி, இ' என்று இருந்தால் 1993இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த புதிய அமைப்பு. இன்றுவரை நிலைத்திருப்பது அதுதான். 'எல், எக்ஸ்' என்றால் ஓஎஸ்-2இன் பிற்காலப் பதிப்பு. சுட்டிய இடத்தில் இவற்றில் எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் அது வெறும் டாஸ் புரோகிராம். எங்கள் தட்டிலிருந்த 'மார்க்' என்ற கோப்பில் 'என், இ' இருந்தது. இன்றைய 64 பிட் விண்டோஸ் இவ்வகைப் புரோகிராமை இயக்காது. ஆகவே ஆர்வக்கோளாறில் அதை இரண்டு முறை தட்டிய எங்கள் தோழிக்குக் கிடைத்தது ஒரு பிழைச்செய்தி மட்டுமே. "இரண்டாவது கட்டளை என்னாயிற்று?" என்று மிஸ் கேட்டபோது அவள் தலை குனிந்தாள். அந்தக் கட்டளை வீண் பயமுறுத்தல் அன்று. காம், இ.எக்ஸ்.இ. கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவும் 'ஜெருசலம்' என்ற வைரஸ் 1987இலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பழைய தட்டில் பழைய வைரஸும் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

காம் என்ற வால்தான் பெரிய ஏமாற்றுக்காரி. (இணையத்தில் வரும் டாட் காம் வேறு, இது வேறு.) காம் புரோகிராமுக்கு முத்திரையே கிடையாது. முதல் பைட்டிலிருந்தே இயந்திரத்துக்கான கட்டளைதான். நினைவகத்தின் 256ஆம் இடத்தில் அதை அப்படியே கொட்டிவிட்டு ஓடத் தொடங்க வேண்டியதே. சி.பி.எம். முறைமையிலும் காம் உண்டு, டாஸிலும் உண்டு. ஏற்றப்படும் இடமும் 256 என்றே இரண்டிலும் இருக்கிறது. ஆனால் சி.பி.எம். ஓடியது இன்டெல் 8080 வகைச் சில்லில். டாஸ் ஓடியது 8086 குடும்பத்துச் சில்லில். இரண்டுக்கும் மொழி வேறு. சி.பி.எம். புரோகிராம்கள் பல 195 என்ற எண்ணில் தொடங்கும். 8080 மொழியில் அதற்குப் பொருள் 'இன்ன இடத்துக்குத் தாவு'. அதே 195க்கு 8086 மொழியில் பொருள் 'வந்த இடத்துக்கே திரும்பு'! ஆகவே அத்தகைய சி.பி.எம். புரோகிராமை டாஸில் இயக்கினால், அது வாசலில் கால் வைத்தவுடனே ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பிப் போய்விடும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து எத்தனை பேர் அழித்திருப்பார்களோ! டாஸ் காம் புரோகிராம்கள் பெரும்பாலும் 233 அல்லது 235இல் தொடங்கும். அந்த மொழியில் அவைதாம் 'தாவு'.

இன்னொரு வேடிக்கை: காம் புரோகிராம் 64 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆனால் விண்டோஸ் 95உடன் வந்த 'கமாண்ட்.காம்' 90,000 பைட்டுக்கும் மேல். உள்ளே பார்த்தால் எம், இசட்! அதாவது இ.எக்ஸ்.இ.யே காம் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. டாஸ் அதைக் கண்டு குழம்புவதில்லை. ஏனென்றால் அதுவும் வாலை நம்புவதில்லை, தலையைத்தான் பார்க்கிறது.

தலையிலிருக்கும் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டோம். அக்கா தொலைபேசியில் சொன்ன விடை எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. யூனிக்ஸ் முறைமை பி.டி.பி. 11 என்ற கணிப்பொறியில் ஓடியபோது அதன் புரோகிராம்கள் எட்டடிமானத்தில் 407 என்ற எண்ணில் தொடங்கின. அது யாரோ மனம்போனபடி தேர்ந்தெடுத்த முத்திரை அன்று. 'அடுத்த 7 சொற்களைத் தாண்டிப் போ' என்ற உண்மையான கட்டளை. கோப்பின் தலைப்பகுதி 16 பைட். இயந்திரம் முதல் எண்ணைப் படித்தவுடன் தலைப்பகுதியைத் தாண்டிப் புரோகிராமுக்குள் குதித்துவிடும். அட்டாரி எஸ்.டி.யின் 96, 26 என்ற தொடக்கமும் இதே போன்றது. அந்தச் சில்லின் மொழியில் அது, 28 பைட் தலைப்பகுதியைத் தாண்டும் கட்டளை. வீட்டு வாசற்படியே பெயர்ப்பலகையாகவும் ஆகிவிட்டது போல! யூனிக்ஸில் 1973இலேயே 'ஃபைல்' என்ற கட்டளை இருந்திருக்கிறது. கோப்பின் உள்ளே பார்த்து இது இன்னதென்று அதுவே சொல்லிவிடும். அதன் வழிவந்த கட்டளை இன்றைய லினக்ஸிலும் உண்டு. நாங்கள் அதைக் கடைசியில்தான் பயன்படுத்தினோம். முதலிலேயே பயன்படுத்தியிருந்தால் ஒன்றும் கற்றிருக்கமாட்டோம் என்பது மிஸ்ஸின் கருத்து. இரண்டு வார உழைப்பு மிச்சமாகியிருக்கும் என்பது எங்கள் கருத்து.

டாஸ் தட்டுகளில் மிஞ்சியது 'க்விஸ்' என்ற பேசிக் கோப்பு. முதல் பைட் 255. ஜி.டபிள்யூ. பேசிக் சுருக்கிச் சேமித்த புரோகிராம் அப்படித்தான் தொடங்கும். 254 என்றால் பிறர் படிக்காதபடி பூட்டிச் சேமித்தது. எங்களுடையது பூட்டாதது. உள்ளே பொது அறிவு வினாக்கள் 20.

இனிப் பெரிய தட்டுகளுக்கு வருவோம். இங்கேதான் நாங்கள் திணறினோம். அக்கா அனுப்பிய நகல்களில் முத்திரை இல்லை, வாலும் இல்லை. 'டாம்1', 'டாம்2', 'பிக்' என்று மொட்டைப் பெயர்கள். டாஸ் முறைமைக்கு அது ஃப்ளாப்பியாகவே படவில்லை. விடை, டின்னின் மூடியிலே ஒட்டியிருந்த ஒரு சீட்டில் கிடைத்தது. அதில் 'பி.பி.சி.' என்று எழுதியிருந்தது. ரேடியோ நிலையத்தின் பெயர் இங்கே எதற்கு என்று முதலில் சிரித்தோம். பி.பி.சி. மைக்ரோ என்பது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட கணிப்பொறி. 1984இல் இந்தியாவில் 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணிப்பொறிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, பள்ளிகளுக்கு வந்தது இந்தக் கணிப்பொறிதான். அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதற்குள் அடங்காது.

இந்தக் கணிப்பொறியில் கோப்பின் அடையாளம் பெயரிலும் இல்லை, தலையிலும் இல்லை. தட்டின் முதல் இரண்டு பகுதிகளில், ஒவ்வொன்றும் 256 பைட், ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் பகுதியில் 7 எழுத்துக்குள் பெயர். இரண்டாம் பகுதியில் அதே வரிசையில் அந்தக் கோப்பு நினைவகத்தில் எங்கே ஏற வேண்டும், எங்கிருந்து ஓட வேண்டும், எத்தனை பைட், தட்டில் எங்கே தொடங்குகிறது என்ற விவரங்கள். ஒரு தட்டில் 31 கோப்புக்கு மேல் இடமில்லை. பெயர் ஒரு பக்கம், விலாசம் மறு பக்கம். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் தெரியும்.

நாங்கள் ஒரு நீளத் தாளில் எல்லாவற்றையும் எழுதினோம். 'பிக்' என்ற கோப்பு, பதினாறடிமானத்தில் 3000 என்ற முகவரியில் ஏற வேண்டும்; நீளம் 20,480 பைட். பி.பி.சி. மைக்ரோவின் சில திரைமுறைகளுக்கு நினைவகம் தொடங்கும் இடமே அந்த 3000. அளவும் சரியாக 20 கிலோபைட். ஆகவே அது புரோகிராம் அன்று. திரையை அப்படியே சேமித்த படம். 'டாம்1', 'டாம்2' இரண்டும் 1900இல் ஏறி 8023இலிருந்து ஓட வேண்டியவை. 8023 என்பது அந்தக் கணிப்பொறியின் பேசிக் மொழிக்குள்ளேயே இருக்கும் இடம். அப்படியென்றால் இவை பேசிக் புரோகிராம்கள்! உள்ளே பார்த்தோம். முதல் நான்கு எண்களில் 13, 0, 10 இருந்தன. நான்காவது அந்த வரியின் நீளம். 13 என்பது வரித் தொடக்கம். 0, 10 இரண்டும் சேர்ந்து வரி எண் 10. பொருத்தம் முழுமை.

எங்கள் வெட்கக்கேடு இங்கேதான் நடந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று பார்க்கும் அவசரத்தில் 'டாம்1' கோப்பை நோட்பேடில் திறந்தோம். பாதி குப்பை, பாதி எழுத்து. மூடும்போது 'சேமிக்கவா?' என்று கேட்டதற்கு ஆம் என்று அழுத்திவிட்டோம். அதுவும் எங்களிடமிருந்த ஒரே நகலில்! எழுத்தாகத் தெரியாத பைட்டுகளை நோட்பேட் தன் விருப்பப்படி மாற்றி எழுதிவிட்டது. கோப்பின் அளவே மாறிப்போயிற்று. பிறகு பி.பி.சி. மைக்ரோவைப் போலவே நடிக்கும் எமுலேட்டரில் ஏற்றிப் பார்த்தால் 'பேட் புரோகிராம்' என்று இரண்டே சொல். ஒவ்வொரு வரியின் நீளமும் எண்ணாகக் குறிக்கப்பட்டிருக்கும் கோப்பில் ஒரு பைட் கூடினாலும் கணக்குத் தவறிவிடும் அல்லவா? தவணை முடிய நான்கு நாள் இருந்தது. அன்று மாலை நாங்கள் யாரும் டிபன் சாப்பிடவில்லை. அக்காவிடம் சொல்லி அழுதபோது அவர் திட்டவில்லை. "மூன்றாவது கட்டளை ஏன் இட்டேன் என்று இப்போது தெரிகிறதா? என்னிடம் இன்னொரு நகல் இருக்கிறது" என்றார். மறுநாள் அனுப்பியும் வைத்தார்.

இந்த முறை கோப்பை மாற்றாமல் படித்தோம். பேசிக் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரே எண்ணாகச் சுருக்கப்பட்டிருக்கும். 241 என்றால் பிரின்ட், 239 என்றால் வி.டி.யு., 244 என்றால் ரெம், அதாவது குறிப்பு. குறிப்பில் எழுதியது மட்டும் சுருங்காமல் அப்படியே இருக்கும். 'டாம்1' கோப்பின் முதல் குறிப்பில் பிளஸ் ஒன் என்ற வகுப்பும், 1987 என்ற ஆண்டும், மூன்று பெயர்களும் இருந்தன. நூலகத்திலுள்ள 1987ஆம் ஆண்டு மலரை எடுத்துப் பார்த்தோம். வகுப்புப் படத்தில் மூவரும் இரண்டாம் வரிசையில் இரட்டைப் பின்னலோடு நிற்கிறார்கள்.

எமுலேட்டரில் இயக்கியபோது திரையில் எழுந்தது 'ப' என்ற தமிழெழுத்து! பி.பி.சி. மைக்ரோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 224 முதல் 255 வரையுள்ள 32 எழுத்துகளை நாமே வரைந்துகொள்ள அது இடம் கொடுக்கும். ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம்; வரிசைக்கு ஓர் எண்ணாக எட்டு எண்கள். 'ப' எழுத்துக்கு அக்காமார் கொடுத்திருந்தவை 130 ஆறு முறை, பிறகு 254, பிறகு 0. கணக்கு நோட்டில் கட்டம் போட்டு நீங்களே பாருங்கள். 130 என்பது 128உம் 2உம், இடக்கோடும் வலக்கோடும். 254 அடிக்கோடு. தமிழில் எழுத்துகள் 247. கிடைத்த இடமோ 32. ஆகவே துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைச்சுழி எல்லாவற்றையும் தனித்தனியே வரைந்து பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். புள்ளிக்கும் ஒரு கட்டம். எழுத்தின் மேல் எழுத்தை அழியாமல் எழுதவிடும் கட்டளையைக் கொடுத்து, மெய்யெழுத்தின் தலையில் அதை வைத்திருக்கிறார்கள். 'ண' மட்டும் அடங்கவில்லை. அதற்கு இரண்டு கட்டங்கள் செலவாகியிருக்கின்றன. ஒன்றாம் வகுப்புத் தங்கைகளுக்கு எழுத்து அறிமுகம் செய்யும் புரோகிராம் அது. படம், பக்கத்தில் சொல். பம்பரம், மரம், பாப்பா.

சிஸ்டரை அழைத்துக் காட்டினோம். ஒரு முறை பார்த்தார். "மறுபடி ஓட்டு" என்றார். டின்னைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை. தட்டுகள் இப்போது பீரோவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு இருக்கின்றன.

'டாம்2' கோப்பில் 'வ' வரை வந்து நின்றுவிடுகிறது. கடைசி வரியில் ஒரு குறிப்பு: மீதி பரீட்சைக்குப் பிறகு. அந்த மீதி, பூஞ்சணம் பிடித்த நான்கு தட்டுகளில் ஒன்றில் இருக்கலாம். மெல்லிய பஞ்சில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தால் சில தட்டுகள் மீளும் என்கிறார் அக்கா. அரையாண்டு விடுமுறையில் பஞ்சும் பாட்டிலும் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.